சட்டைப் பையில் மூன்று மாத்திரை

ராஜபாளையம் ரோட்டில் நான் நடந்துகொண்டிருந்தபோது மணி மூன்று இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் வீடுகள் முடிந்து, வலது பக்கம் மலையும் இடது பக்கம் தென்னந்தோப்புகளும் தொடங்கியிருந்தன. தோளில் ஒரு பை. அதில் இரண்டு கைலி, ஒரு சட்டை, சவரக் கத்தி. சட்டைப் பையில் காகிதத்தில் மடித்த மூன்று வெள்ளை மாத்திரை.

பஸ் ஏறியிருக்கலாம். பஸ் ஸ்டாண்டில், நான் வேலை பார்த்த வீட்டு ஏட்டையாவுக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்று பட்டதால் ஏறவில்லை. பின்னால் பைக் சத்தம் மெதுவானால் ரோட்டோரம் இறங்கி, ஒதுங்குவதுபோல் முதுகைக் காட்டி நிற்பேன். அது தாண்டிப் போனதும் மறுபடி நடப்பேன்.

நான் நிறைய வேலைகளை விட்டு நடந்தவன். திருப்பூரில் சாயப்பட்டறை, கொல்லத்தில் ஓட்டல், கல்குவாரி, லாரியில் கிளீனர். ஏழாவது பாதியில் நின்ற நாளிலிருந்து ஓர் இடத்தில் ஒரு வருஷம் முழுதாக இருந்ததில்லை. சொல்லிக்கொண்டு கிளம்பியதும் இல்லை. ஆனால் அதுவரை விட்டு வந்த இடங்களில் யாரும் படுத்துக் கிடந்ததில்லை. இந்த முறை ஒருவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கக் கிடந்தார். அவர் அப்படிக் கிடப்பதற்கு நான்தான் காரணம் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அவருக்கு எண்பத்திரண்டு வயது. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். மனைவி இல்லை. பிள்ளைகள் இரண்டு. மூத்தது மகன், போலீஸில் ஏட்டாக இருந்து அவரும் இப்போது ஓய்வு; நான் ஏட்டையா என்பது அவரைத்தான். மகள் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டவர். பெரியவர் ராஜபாளையத்தில் மகன் வீட்டு மாடி அறையில் இருந்தார். வீட்டில் ஆள் பார்க்கிற வேலைக்கு ஆட்களை அனுப்பும் ஓர் ஆபீஸ் மூலமாக நான் அங்கே போனேன். குளிப்பாட்ட வேண்டும், நடக்கவைக்க வேண்டும், மாத்திரை கொடுக்க வேண்டும்.

முதல் நாள் காபியை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"ஏலே, மொதல்ல நீ ஒரு வாய் குடி."

குடித்தேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவர் குடித்தார்.

"எதுக்குய்யா இப்படி?"

"கீழ ஏட்டு இருக்காம்லா. போலீஸ்காரன் வீட்டுல சாப்புடுதவன் சூதானமா இருக்கணும்."

"ஒங்க மகன்தானய்யா?"

"மகன்தான். அதுக்குத்தாம்லே சொல்லுதேன்."

சிரித்தார். விளையாட்டாகச் சொல்கிறாரா, நிஜமாகவா என்று பிடிபடவில்லை. ஆனால் தினமும் குடிக்கவைத்தார். நானும் சந்தேகப்படுகிற ஜாதி என்பதால் இரண்டு நாளில் அது எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஏட்டையா மாடிக்கு வந்தால் அவர் கையைத்தான் பார்ப்பேன்.

பார்க்கக் காரணமும் இருந்தது. பெரியவர் பகலெல்லாம் தூங்கி விழுந்தார். காலையில் பத்து மணிக்குமேல்தான் கண் திறக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே வாய் குழறும். தெளிவாக இருக்கும் கொஞ்ச நேரத்தில் ஒரே பேச்சுதான். வன்னியம்பட்டிப் பக்கம் அவர் பேரில் கிணற்றோடு ஒரு தோட்டம் இருந்தது. அதில் இரண்டு அறையுள்ள ஓட்டு வீடு. தான் அங்கே போய் இருக்க வேண்டும். இந்த மாடிப்படியில் ஏறி இறங்க முடியவில்லை. அங்கே தரை வீடு, கைப்பிடித்துக் கக்கூஸுக்குப் போகலாம்.

மகனுக்கு அந்தத் தோட்டம் தன் பேருக்கு வர வேண்டும். தான செட்டில்மென்ட் எழுதி வாங்க ஏற்பாடு நடந்தது. ரோட்டுப் பக்க நிலம், பிளாட் போடுகிறவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனதாகக் கீழே பேச்சு. பெரியவர் மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். கடைசி வரைக்கும் தன்னைப் பராமரிக்க வேண்டும், தோட்டத்து வீட்டில் இருக்க விட வேண்டும் என்று பத்திரத்தில் ஒரு வரி எழுத வேண்டும்.

"அந்த வரி இருந்தாத்தாம்லே, நாளைக்கு இவன் என்னைய வெளிய தள்ளுனா மனுக் குடுத்துப் பத்திரத்த ரத்து பண்ண முடியும். வரி இல்லேன்னா குடுத்தது குடுத்ததுதான்."

இதை யார் அவருக்குச் சொன்னது என்று தெரியவில்லை. ஆனால் தூக்கக் கலக்கத்தில்கூட இதை மட்டும் தடுமாறாமல் சொன்னார்.

நான் சேர்ந்து மூன்றாவது வாரம் மகள் வந்தார். அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகும்போது மாடிப்படிக்கு அடியில் என்னை நிறுத்தினார்.

"தம்பி, அவிய ஏன் இப்பிடிக் கெடக்காவ? எங்க அண்ணன் மயக்கத்துலயே வச்சுருக்கான். தூக்க மாத்திர குடுக்கான்."

"டாக்டர் எழுதுனதுதானக்கா?"

"எந்த டாக்டரு கண்டது? பத்திரம் முடியுத வரைக்கும் அவிய தெளிஞ்சுறக் கூடாது, அதான். ராத்திரி ரெண்டு மாத்திர குடுக்கீகல்ல, அதுல சின்னதா வெள்ளையா இருக்குல்ல, அத மட்டும் நிறுத்திருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த அக்காவுக்கும் தோட்டத்தில் கண் இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அவர் சொன்னது நான் ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருந்ததோடு பொருந்திப் போனது. நம் சந்தேகத்தை இன்னொருத்தர் வந்து சொன்னால் அது உடனே உண்மையாகிவிடுகிறது.

மாத்திரைகள் ஒரு டிபன் பாக்ஸில் இருக்கும். மருந்துக்கடையில் பத்து நாளைக்கு வேண்டியதைக் கத்தரியால் நறுக்கிக் கொடுப்பார்கள். அட்டையின் பெயர் இருக்கிற பக்கம் யாருக்குப் போகுமோ தெரியாது, எங்கள் துண்டில் இரண்டு மூன்று இங்கிலீஷ் எழுத்துதான் மிச்சம் இருக்கும். அதைக் கூட்டிப் படிக்கிற அளவுக்கு எனக்குப் படிப்பும் இல்லை. டாக்டர் சீட்டு கீழே பீரோவில் இருந்தது. அந்த வீட்டில் எல்லோரும் நிறத்தை வைத்துத்தான் பேசினார்கள். ராத்திரிக்கு ஒரு மஞ்சள், ஒரு வெள்ளை. மருமகள் முதல் நாள் எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அப்படித்தான்.

மூன்று நாள் வெள்ளையை நிறுத்தினேன். மஞ்சளை மட்டும் கொடுத்தேன். நிறுத்தியவற்றைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டேன். நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட ஒன்று வேண்டும் என்று அப்போது நினைத்தேன்.

பெரியவர் தெளியவில்லை. அதே தூக்கம், அதே குழறல். இதைப் பார்த்த பிறகாவது நான் யோசித்திருக்க வேண்டும். யோசித்தேன், வேறு பக்கமாக. ஏட்டையா சாப்பாட்டிலும் எதையோ கலக்கிறார் என்று முடிவு செய்தேன். ரசத்தை மோந்து பார்த்தேன். மருமகள் அனுப்பிய பாலில் பாதியைக் கீழே ஊற்றினேன்.

நான்காம் நாள் காலை காரில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். தோட்டம் அந்தப் பக்கம் என்பதால் பதிவு அங்கேதான். ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு எதிரே இருந்த பத்திர எழுத்தரின் கடையில் பெரியவரை பெஞ்சில் உட்காரவைத்தோம். டோக்கன் வரும்வரை அங்கே இருக்கச் சொன்னார்கள். மகளும் வந்திருந்தார், வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. சாட்சிக் கையெழுத்துக்கு ஓர் ஆள் குறைகிறது, நீ போட்டுவிடு என்று ஏட்டையா என்னிடம் ஆதார் கார்டு கேட்டார்.

பத்திர எழுத்தர் பத்திரத்தை வேகமாக வாசித்தார். எல்லை, சர்வே எண், கிழக்கு, மேற்கு என்று ஓடியது.

"ஐயா, சரிதான? ரேகை வச்சிரலாமா?"

பெரியவர் தலையை உயர்த்தினார். "பராமரிப்புன்னு ஒரு வரி எழுதச் சொன்னேனே?"

"அதெல்லாம் வழக்கமா வர்றதுதாங்க ஐயா."

"ஏலே." என்னைத்தான் கூப்பிட்டார். "நீ வாசி."

"அவனுக்கு என்ன தெரியும்?" என்றார் ஏட்டையா.

"எழுத்துக் கூட்டுவான்லா? அது போதும். மெதுவா வாசிக்கட்டும், எனக்கு ரயிலுக்கா போவணும்?"

எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் நெடுநேரம் ஆனது. பத்திர எழுத்தர் பேனாவை மூடினார், திறந்தார். சில சொற்கள் புரியவில்லை. ஆனால் 'பராமரிப்பு' என்ற சொல் எங்கேயும் இல்லை. 'எந்தவித நிபந்தனையும் இன்றி' என்று மட்டும் இருந்தது. அதை இரண்டு முறை வாசித்தேன்.

"இல்லைய்யா, அந்த வரி இல்ல."

"யாருல நீ, பெரிய வக்கீலு!" என்று ஏட்டையா என் கையிலிருந்து தாளைப் பிடுங்கினார். பெரியவர் பெஞ்சின் நுனியைப் பிடித்து எழுந்தார். எழுந்தவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்தது. கண் மேலே செருகி, கை வெட்டி வெட்டி இழுக்க, அப்படியே சரிந்தார். பெஞ்சு விளிம்பில் தலை படாமல் பிடிக்க மட்டும் என்னால் முடிந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் இழுப்பு நின்றுவிட்டது. மகளும் கூடவே வந்து பின்னால் நின்றார். டூட்டியில் இருந்தது ஒரு சின்ன வயது பெண் டாக்டர். நாங்கள் கையோடு கொண்டுவந்திருந்த மாத்திரை டப்பாவைக் கேட்டார். கொடுத்தேன். ஏட்டையாவின் போனை வாங்கி, அதில் இருந்த டாக்டர் சீட்டின் படத்தையும் அட்டைத் துண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இந்த வெள்ளை வலிப்பு மாத்திரை. முன்னாடி தலையில அடிபட்டிருக்கா?"

"பஸ்ல விழுந்தாருங்க, நாலு வருஷம் ஆச்சு. அதுலருந்து சாப்புடுதாரு" என்றார் ஏட்டையா.

"தினமும் கொடுத்தீங்களா? ஒரு நாளும் விடலையே?"

"தவறாம குடுத்துருக்கு" என்றார் ஏட்டையா.

"மஞ்சள் தூக்க மாத்திரை. அது அரைதானே?"

"அரைதான்."

நான் முழுசாகத்தான் கொடுத்து வந்தேன். மருமகள் அப்படித்தான் சொல்லியிருந்தார். டாக்டர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் டியூப் லைட்டைப் பார்த்தேன். சட்டைப் பையில் காகிதம் நெஞ்சில் உரசியது. நிறுத்தக் கூடாததை நிறுத்தி, நிறுத்த நினைத்ததைத் தினமும் முழுசாக ஊட்டியிருக்கிறேன்.

"ஒழுங்கா சாப்பிட்டும் வந்திருக்குன்னா டோஸ் கூட்டணும்" என்று டாக்டர் எழுத ஆரம்பித்தார். "மூளை ஸ்கேன் மதுரையில எடுக்கணும்."

ஏட்டையா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மேடம், அப்பாவுக்குக் கொஞ்ச நாளாவே புத்தி சரியில்ல. சந்தேகம், ஒளறல். காபியக்கூட வேலக்காரனக் குடிக்க வச்சுட்டுத்தான் குடிக்காரு. அப்படி ஒரு சர்ட்டிபிகேட் எழுதிக் குடுத்தீங்கன்னா நாங்க கோர்ட்டுல பாத்துக்கிடுவோம்" என்றார்.

"பெரிய டாக்டர்தான் அதைச் சொல்லணும். நாளைக்கு ரவுண்ட்ஸ்ல கேளுங்க."

அதற்குமேல் நான் நிற்கவில்லை. ஒண்ணுக்குப் போகிறவன்போல் வெளியே வந்து, எங்கே போனாலும் கூடவே கொண்டுபோகிற என் பையைக் காரிலிருந்து எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

ஒரு கண்மாய்க் கரை வந்தது. அங்கே நின்று காகிதத்தைப் பிரித்தேன். தண்ணீரில் எறிந்துவிட்டால் முடிந்தது. இந்த மூன்று மாத்திரையைப் பற்றி உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அப்போது போன் அடித்தது. அந்த அக்கா.

"தம்பி, எங்க போயிட்டீய? வெள்ளைய நிறுத்திட்டீயன்னு ஒங்க மொகத்தப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டேன். டாக்டர்ட்ட ஒண்ணும் சொல்லிறலியே?"

"சொல்லலக்கா."

"சொல்லாதீக. மாத்திரய எங்க அண்ணன்தான் நிறுத்துனான்னு நான் ஒரு மனு எழுதப் போறேன். நீங்க வந்து, ஆமா, ஏட்டையா சொல்லித்தான் நிறுத்துனேன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"நீங்கதானக்கா நிறுத்தச் சொன்னீய?"

"நான் தூக்க மாத்திரயத்தான சொன்னேன்!"

"வெள்ளைன்னீய."

"போன மாசம் பாக்கையில அதுதான வெள்ளையா இருந்துச்சு? வேற கம்பெனி மாத்திரயக் குடுத்துருப்பான் கடைக்காரன். எனக்கு எப்பிடித் தெரியும்? கூடவே இருக்குத ஆளு நீங்க பாக்க வேண்டாமா?"

அவர் குரல் இறங்கியது. "வேற வேலக்கி நான் ஏற்பாடு பண்ணுதேன் தம்பி. யோசிங்க."

போனை அணைத்தேன். அண்ணன் கோர்ட்டுக்குப் போனால் பெரியவருக்குப் புத்தி இல்லை என்று எழுதுவார்கள். தங்கை மனுக் கொடுத்தால் அண்ணன் அவரைக் கொல்லப் பார்த்தான் என்று எழுதுவார்கள். எது நடந்தாலும் தோட்டத்தைப் பற்றி அவரை யாரும் இனிக் கேட்கப் போவதில்லை. அதைவிட அவசரமான ஒன்றும் இருந்தது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் வலிப்பு வந்தது என்று நம்பி, இன்றைக்கு ராத்திரியிலிருந்து அந்த உடம்புக்கு அளவைக் கூட்டுவார்கள். இனிமேல் தூக்க மாத்திரையும் எவ்வளவு போகும் என்று தெரியாது. உள்ளதைச் சொல்லக்கூடிய ஆள் கண்மாய்க் கரையில் நின்றுகொண்டிருந்தான்.

ஷேர் ஆட்டோ ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் வந்தது. கை காட்டினேன்.

டாக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். மேஜையில் காகிதத்தைப் பிரித்து வைத்தேன். மூன்று நாளும் கொடுக்கவில்லை, மஞ்சளை முழுசாகக் கொடுத்தேன் என்று சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

"கலரைப் பார்த்தா மாத்திரை கொடுப்பீங்க? அவர் செத்திருந்தா?"

மூன்று மாத்திரையையும் விரலால் புரட்டிப் பார்த்தார்.

"அப்பவே கேட்டேனே. ஏன் சொல்லலை?"

"பயந்தான் மேடம்."

கேஸ் ஷீட்டில் எழுதியதை அடித்தார். ஸ்கேனைப் பற்றி நாளைக்குப் பார்ப்போம் என்றார். ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். பிழையும் அடித்தலுமாக ஒரு பக்கம் வந்தது. யார் நிறுத்தச் சொன்னார், யார் முழு மாத்திரை கொடுக்கச் சொன்னார், இரண்டையும் எழுதினேன்.

"இதை வச்சுத்தான் பெரிய டாக்டர் முடிவு பண்ணுவார். நாளைக்கு மட்டும் இல்லை, அவரை வச்சிருக்கிற நாள் வரைக்கும் ரவுண்ட்ஸ் நேரத்துல நீங்க இருக்கணும். கேட்டா நேர்ல சொல்லணும். ஓடிடக் கூடாது."

வார்டில் பெரியவர் விழித்திருந்தார். மகன் சாப்பிடப் போயிருந்தார். கட்டில் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏலே, அந்த வரி இருந்துச்சா, இல்லியா?"

"இல்லைய்யா."

"அப்பம் எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு."

சொல்லிவிடலாம் என்று பட்டது. "ஐயா, ஒங்க மாத்திரய நாந்தான் நிறுத்துனேன். தூக்க மாத்திரன்னு நெனச்சு வலிப்பு மாத்திரய நிறுத்திட்டேன்."

கண் என் மேலேயே இருந்தது. "யாரு சொல்லி?"

"ஒங்க மக."

"தூக்க மாத்திர யாரு குடுக்கச் சொன்னது?"

"ஒங்க மருமக. முழுசா."

கூரைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மூணு பேருமாச் சேந்துல்லா என்னைய நல்லாப் பாத்திருக்கீக." சிரிக்கிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "டாக்டரம்மாட்ட எழுதிக் குடுத்திட்டியா?"

"குடுத்துட்டேன்யா."

"அப்பம் போ. இங்க நிக்காத. நீ கட்டில் பக்கத்துல நின்னா, ஏட்டு ஒன்னையும் கெடுப்பான், நீ எழுதுனதையும் கெடுப்பான். ஊரவிட்டும் போயிராத."

என்மேல் அக்கறையில் சொன்னாரா, மகள் வைத்த ஆள் என்று நினைத்துத் தள்ளி நிற்கச் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார்.

வேலைக்கு அனுப்பிய ஆபீஸிலிருந்து அன்று சாயங்காலமே போன் வந்தது. இனி வர வேண்டாம் என்றார்கள். பஸ் ஸ்டாண்டில் படுத்தேன்.

காலையில் ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனேன். கிளாஸ் கழுவுகிற ஆள் இரண்டு நாளாக வரவில்லையென்று மாஸ்டர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். டீ ஆற்றும் மேடைக்கு முன்னால் அழுக்குக் கிளாஸ்கள் குவிந்திருந்தன.

"நான் கழுவுதேன் அண்ணாச்சி."

ஏற இறங்கப் பார்த்தார். "எந்த ஊரு?"

"அப்பிடியே சுத்துதவன்."

"சுத்துதவன் நாளைக்கு இருப்பியா? இதுக்கு முன்னால இருந்தவனும் இதத்தான் சொன்னான்."

"உள்ள ஒரு பெரியவரு கெடக்காரு. அவரு வெளிய வாரது வரைக்கும் இருப்பேன்."

"ஒங்க அப்பாவா?"

"இல்ல."

"பொறவு?"

நான் குனிந்து அழுக்குக் கிளாஸ்களை ஒதுக்கி வைத்தேன். அவரும் வற்புறுத்தவில்லை. அந்த நேரம் ஏட்டையாவின் பைக் கேட்டுக்குள் திரும்பியது. பின்னால் மருமகள், மடியில் டிபன் கேரியர். வார்டுக்குள் வெளிச் சாப்பாடு விட வேண்டாம் என்று நர்ஸிடம் சொல்ல வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

"ஒன்பது மணிக்கு ரவுண்ட்ஸு. தினமும் அந்த நேரத்துக்கு ஒரு அரை மணி நேரம் விடணும் அண்ணாச்சி. மத்த நேரமெல்லாம் இங்கதான்."

"கூட்டம் இல்லாட்டிப் போ."

"கூட்டம் இருந்தாலும் போவேன்."

மாஸ்டர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "சரி, போ. இப்பம் மொதல்ல கிளாஸப் பாரு" என்றார். பையை பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஆஸ்பத்திரி கேட் தெரிகிற மாதிரி தண்ணீர் வாளியை நகர்த்தி வைத்து அதன் முன்னால் உட்கார்ந்தேன்.